கஜினி அரண்மனைக்குள் ஓர் எழுத்தர்: பைஹகீயின் வரலாறு பற்றி எளிய அறிமுகம்

கஜினி முகமது என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது பதினேழு முறை படையெடுத்த கதைதான். அந்த மனிதர் 1030-ல் இறந்த பிறகு அவருடைய அரண்மனையில் என்ன நடந்தது, யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள், அவர் இந்தியாவிலிருந்து அள்ளிக்கொண்டு போன பொன்னைப் பற்றி அவருடைய ராஜ்ஜியத்திலேயே வாழ்ந்த ஒரு நீதிபதி என்ன சொன்னார் என்பதெல்லாம் நம் பாடப் புத்தகங்களில் கிடையாது. ஆனால் ஒருவர் இதையெல்லாம் பாரசீக மொழியில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் அபுல் ஃபஸ்ல் பைஹகீ. அரசவை வரலாற்றாசிரியர் என்றால் யார், அவர்கள் எழுதியதை எப்படிப் படிக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள இவரை விட நல்ல ஆள் எனக்குத் தெரியாது.

முதலில் அடிப்படை. அந்தக் காலத்துப் பாரசீக, அரபு உலகத்தில் ராஜாக்கள் தங்கள் காலத்தை எழுதி வைக்க ஆள் வைத்துக்கொள்வார்கள், அல்லது புலமையுள்ள ஓர் அதிகாரி தானாகவே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பரிசும் பதவியும் வாங்குவார். சம்பளம் கொடுப்பவர் ராஜா, படிக்கப் போகிறவரும் ராஜா, அல்லது அவருடைய பிள்ளைகள். ஆக, புகழ்ச்சி தூக்கலாகத்தான் இருக்கும். முகமதைப் பற்றி அவர் காலத்திலேயே உத்பீ என்பவர் அரபியில் ஒரு நூல் எழுதினார். அலங்காரமான நடை, எதுகை எதுகையாக வாக்கியங்கள், வெற்றிக்கு மேல் வெற்றி. அதில் தகவல் இருக்கிறது, ஆனால் ராஜா மேடையில் நிற்கும் தோற்றம் மட்டும்தான் தெரியும், மேடைக்குப் பின்னால் எதுவும் தெரியாது. கர்தீஸீ என்று இன்னொருவர் பாரசீகத்தில் எழுதினார். அவர் எளிமையாக எழுதுவார், ஆனால் சுருக்கம், முகமதின் மகன் மசூதின் பத்து வருட ஆட்சியைச் சில பக்கங்களில் முடித்துவிடுவார். அதே பத்து வருடத்துக்குப் பைஹகீ எடுத்துக்கொண்ட இடம் பல பாகங்கள்.

ஏன் இவ்வளவு நீளம் என்று அவரே காரணம் சொல்கிறார். மற்ற வரலாறுகளில் காரியத்தை லேசாக எடுத்துக்கொண்டு கொஞ்சமாகத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள், நான் இந்த வேலையை எடுத்த பிறகு இதற்குரிய நியாயத்தை முழுவதும் செய்ய விரும்புகிறேன், மூலை முடுக்கெல்லாம் சுற்றி வரப் போகிறேன், எதுவும் மறைந்து இருக்கக் கூடாது என்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன் அரண்மனைச் சம்பளம் வாங்கிய ஒருவர் இப்படிச் சொன்னதே பெரிய விஷயம், அதைப் பெருமளவு செய்தும் காட்டினார் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

சரி, யார் இவர்? 995-ல் பிறந்தவர். இன்றைய ஈரானின் வடகிழக்கில் சப்சேவார் என்று ஓர் ஊர் இருக்கிறது, அந்த வட்டாரத்துக்கு அப்போது பைஹக் என்று பெயர். நிஷாபூரில் படித்தார். பிறகு கஜினி அரசின் கடிதத் துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். இந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் நூலின் பலம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. திவானே ரிசாலத் என்பார்கள். சுல்தான் பெயரில் வெளியே போகும் கடிதம், வெளியிலிருந்து வரும் கடிதம், கலீஃபாவுக்கு எழுதுவது, அண்டை ராஜாக்களோடு செய்யும் ஒப்பந்தம், ஆளுநர்களுக்குப் போகும் உத்தரவு, ஒற்றர்கள் சங்கேத எழுத்தில் அனுப்பும் செய்தி, எல்லாம் இந்தத் துறை வழியாகத்தான். அதன் தலைவர் அபூ நஸ்ர் முஷ்கான். பைஹகீ அவருக்குக் கீழே பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். பல கடிதங்களின் வரைவை அபூ நஸ்ர் எழுதுவார், நல்ல கையெழுத்தில் பிரதி எடுப்பவர் பைஹகீ. அப்போதே தனக்கென்று நகல்களும் எடுத்து வைத்துக்கொண்டார், நாட்குறிப்பும் வைத்திருந்தார். அதனால்தான் அவர் நூலில் தேதி மட்டுமல்ல, கிழமையும் இருக்கும், பல கடிதங்கள் வரிக்கு வரி இருக்கும், சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூட இருக்கும்.

அவர் பார்த்த அரசியல் இதுதான். கஜினி அரச குடும்பம் துருக்கிய அடிமைப் போர்வீரர்களிலிருந்து வந்தது, நிர்வாகம் செய்தவர்கள் பாரசீக எழுத்தர்களும் கணக்கர்களும். முகமது இறந்ததும் தலைநகர் கஜினியில் அரியணை ஏறியவர் ஒரு மகன், அவர் பெயர் முஹம்மது. நாம் கஜினி முகமது என்று சொல்லும் அப்பாவின் உண்மைப் பெயர் மஹ்மூத்; இங்கே முகமது என்று நான் சொல்வதெல்லாம் அவரைத்தான். அனுபவசாலியான இன்னொரு மகன் மசூத் தொலைவில் இஸ்ஃபஹானில் இருந்தார். சில மாதங்களில் படைத் தலைவர்களே புது சுல்தானைப் பிடித்துக் கோட்டையில் அடைத்துவிட்டு மசூதை வரவேற்றார்கள். இப்படி வரவேற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் நூலின் ஆரம்பப் பகுதி. அப்பா காலத்து ஆட்கள், மகனுடைய ஆட்கள் என்று சபை இரண்டாகப் பிளந்தது, அப்பா காலத்துத் தளபதிகள் ஒவ்வொருவராகக் கைதானார்கள். நேற்று தனக்காகத் தன் எஜமானைக் கைவிட்டவன் நாளை தன்னையும் கைவிடுவான் என்ற பயம் மசூதுக்கு. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தில் அவர் அனுபவமுள்ள ஆட்களை எல்லாம் இழந்தார் என்பதைப் பைஹகீ ஒவ்வொரு கைதாக, ஒவ்வொரு சூழ்ச்சியாகக் காட்டிக்கொண்டே போகிறார்.

இந்தப் பகுதியில்தான் ஹசனக் வருகிறார். பாரசீகம் தெரிந்தவர்கள் பைஹகீ என்றதும் முதலில் சொல்வது ஹசனக்கின் கதையைத்தான். இவர் முகமதின் கடைசி மந்திரி. ஒருமுறை ஹஜ் யாத்திரை போய்த் திரும்பும் வழியில் எகிப்தின் ஃபாத்திமிய கலீஃபாவிடமிருந்து மரியாதை அங்கி வாங்கிக்கொண்டார். பக்தாதின் அப்பாசிய கலீஃபாவுக்கு ஃபாத்திமியர்கள் பரம எதிரிகள், ஆகவே ஹசனக் கர்மதி ஆகிவிட்டார், அதாவது மதத்துரோகி, அவரைத் தண்டியுங்கள் என்று பக்தாதிலிருந்து கேட்டார்கள். முகமது கடுப்பாகி, நான் வளர்த்த பிள்ளை அவன், அவன் கர்மதி என்றால் நானும் கர்மதிதான் என்று சொல்லிவிட்டார். ஆனால் முகமது போய்விட்டாரே. மசூதுக்கு ஹசனக் மேல் பழைய கோபம் இருந்தது, ஏனென்றால் வாரிசுப் போட்டியில் ஹசனக் மற்ற மகன் பக்கம், அதுவும் போதாதென்று, நீங்கள் அரியணை ஏறினால் என்னைத் தூக்கில் போடுங்கள் என்று மசூதுக்கே சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு அபூ சஹ்ல் ஸவ்ஸனீ என்ற செல்வாக்குள்ள அதிகாரிக்கு ஹசனக் மேல் தீராத பகை. பழைய குற்றச்சாட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

விசாரணை நாளில் ஹசனக் உள்ளே வருவதைப் பைஹகீ விவரிக்கும் விதத்தைக் கவனியுங்கள். கறுப்போடு சேர்ந்த ஒரு நிறத்தில் தேய்ந்துபோன ஜிப்பா, ஆனால் மிகச் சுத்தமான மேலங்கியும் மேல்துண்டும், நிஷாபூர்த் தலைப்பாகை, காலில் புதுக் காலணி, முடியைத் தலைப்பாகைக்குள் ஒழுங்காக ஒதுக்கியிருந்தார், ஓரத்தில் கொஞ்சம்தான் தெரிந்தது. அவரைப் பார்த்ததும் அப்போதைய மந்திரி மைமந்தீ எழுந்து நின்றார், எல்லோரும் எழுந்தார்கள், அபூ சஹ்ல் மட்டும் முழுசாக எழுந்திருக்காமல் அரைகுறையாக அசைந்து முணுமுணுத்தார். யார் யாரை எவ்வளவு வெறுத்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் இந்த அரைகுறை எழுச்சி சொல்வதைச் சொல்ல முடியாது. அதே சபையில் ஹசனக்கின் சொத்து முழுவதையும் சுல்தானுக்கு விற்றதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அபூ சஹ்ல் நாயே என்று திட்ட, ஹசனக் நிதானமாகப் பதில் சொல்கிறார்: என் குடும்பமும் என் செல்வாக்கும் ஊருக்குத் தெரியும், உலகத்தை அனுபவித்துவிட்டேன், முடிவு எல்லோருக்கும் சாவுதான், நான் அலீயின் மகன் ஹுசைனை (அநியாயமாகக் கொல்லப்பட்ட நபியின் பேரனை) விடப் பெரியவன் இல்லை.

பால்க் நகரத்தில் தண்டனை. கலீஃபாவே ஆள் அனுப்பினார் என்று காட்ட, இரண்டு பேருக்குத் தூதர் வேஷம் போட்டு நிறுத்தினார்கள். தலையைப் பக்தாதுக்கு அனுப்ப வேண்டும், கல்லடியில் சிதைந்துவிடக் கூடாது என்பதற்காக இரும்புத் தலைக்கவசம் கொண்டுவந்தார்கள், அது சிறிதாக இருந்ததால் பெரியதாக ஒன்று வரும்வரை அவரை அப்படியே காக்க வைத்தார்கள். கல்லெறியுங்கள் என்றார்கள், கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை, எல்லோரும் அழுதார்கள், நிஷாபூர்க்காரர்கள் தேம்பினார்கள். கடைசியில் சில போக்கிரிகளுக்கு வெள்ளிக்காசு கொடுத்து எறியச் சொன்னார்கள். அதற்குள் கழுத்தில் கயிறு இறுகி அவர் இறந்துவிட்டிருந்தார். உடல் ஏழு வருடம் தொங்கியது. ஹசனக்கின் தாய் செய்தி கேட்டு மற்றப் பெண்களைப் போல அலறவில்லை, என் மகன் எவ்வளவு பெரிய மனிதன், முகமதைப் போல ஒரு ராஜா அவனுக்கு இந்த உலகத்தைக் கொடுத்தான், மசூதைப் போல ஒரு ராஜா மறு உலகத்தைக் கொடுத்தான் என்றார்.

இந்த அபூ சஹ்ல் யார் என்றால், பிற்பாடு, அபூ நஸ்ர் இறந்ததும், பைஹகீக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தவர். அவரால் பைஹகீக்குத் துன்பமும் உண்டு. ஆனாலும் இந்தக் கதையைத் தொடங்கும்போது, அவர் இறந்து சில வருடம் ஆகிறது, தன் செயலுக்கு அங்கே பதில் சொல்லிக்கொள்வார், எனக்கு அவர் கெடுதல் செய்திருந்தாலும் வயதான காலத்தில் பட்சபாதமாக ஒரு சொல்லும் எழுத மாட்டேன் என்கிறார். அடுத்த வரியிலேயே அபூ சஹ்லின் குடும்பப் பெருமையையும் கல்வியையும் சொல்கிறார், அதோடு சேர்த்து, வன்மம் அவர் இயல்பிலேயே ஊறிப் போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறார். எனக்கு இந்த இடத்தில்தான் அவர் மேல் முழு மரியாதை வந்தது. எதிரியின் நல்ல குணத்தை மறைக்காமல் எழுதுபவர், அவன் கெட்ட குணத்தைச் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது.

இப்போது பொன் விஷயம். மசூத் ஹெல்மந்த் ஆற்றில் படகில் போகும்போது படகுக்குள் தண்ணீர் ஏறி மூழ்கப் பார்த்தது, அவரைக் காப்பாற்றினார்கள், காலில் அடி. அதன் பிறகு காய்ச்சல். யாரையும் பார்க்கவில்லை, ஊருக்குள் வதந்தி. வந்த கடிதங்களின் சாரத்தை எடுத்துக்கொண்டு பைஹகீ போக, உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கண்ணில் பட்டதை அப்படியே சொல்கிறார்: அறையை இருட்டாக்கி, நனைத்த லினன் திரைகள் தொங்கவிட்டிருந்தார்கள், பெரிய பாத்திரங்களில் பனிக்கட்டி, சுல்தான் மெல்லிய சட்டையில், கழுத்தில் கற்பூர மாலை, பக்கத்தில் வைத்தியர். சுல்தான் இரண்டு பைகளைக் கொடுக்கச் சொல்கிறார், ஒவ்வொன்றிலும் ஆயிரம் மிஸ்கால் (அந்தக் காலத்து எடை அளவு) பொன். என் தந்தை இந்தியாவில் பொன் விக்கிரகங்களை உடைத்துக் கொண்டுவந்தது, இதைவிட ஹலாலான பணம் கிடையாது, புஸ்த் நகரத்துக் காஜியும் (நீதிபதியும்) அவர் மகனும் மிகவும் ஏழைகள், ஆனால் யாரிடமும் கை நீட்டாதவர்கள், ஒரு சின்ன நிலம் வாங்கிக்கொள்ளட்டும், எனக்கு உடம்பு தேறியதற்கு நன்றியாக இருக்கும் என்கிறார்.

அபூ நஸ்ர் காஜியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். காஜி அபுல் ஹசன் பூலானீ வாழ்த்துச் சொல்லி, அன்பளிப்பை ஏற்றுக்கொள்கிறேன், அப்படியே திருப்பியும் கொடுக்கிறேன், எனக்குத் தேவையில்லை, தீர்ப்பு நாள் எனக்குப் பக்கத்தில் இருக்கிறது, இதற்குக் கணக்குச் சொல்ல என்னால் முடியாது என்றார். அபூ நஸ்ர் ஆச்சரியப்பட்டு, சுல்தான் முகமது போரில் கொண்டுவந்த பொன், கலீஃபாவே இதை வாங்கலாம் என்கிறார், காஜி வாங்க மாட்டாரா என்று கேட்டார். அதற்குக் காஜி, கலீஃபாவின் நிலை வேறு, நீங்களும் முகமதோடு அந்தப் போர்களில் இருந்தவர், நான் இருக்கவில்லை, அந்தப் போர்கள் நபியின் வழிமுறைப்படி நடந்தனவா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் இதை எந்த விதத்திலும் ஏற்கமாட்டேன் என்றார். மகனும் அதே பதில்.

இதை எழுதியவர் அந்த அரச குடும்பத்தின் உப்பைத் தின்றவர். எழுதிய காலத்தில் ஆட்சியில் இருந்தவர்கள் மசூதின் மகன்களான ஃபருக்ஸாதும் அவருக்குப் பின் இப்ராஹீமும், அதாவது முகமதின் பேரன்கள். தாத்தாவின் பெருமைக்கெல்லாம் அடிப்படையான இந்தியப் படையெடுப்புகள் தர்மமா என்று ஒரு காஜி சந்தேகப்பட்டதைப் பேரன் காலத்தில் பதிவு செய்து வைக்கிறார். அவர் காஜியை ஆதரித்து ஒரு சொல் சொல்லவில்லை, கண்டித்தும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சியை இவ்வளவு கவனமாக எழுதியிருப்பதே போதும் என்று நினைக்கிறேன். முகமதை வைத்து இன்று நடக்கும் சண்டைகளில் இரண்டு தரப்பும் இந்தப் பக்கத்தைப் படித்தால் நல்லது.

அரசு எப்படி வீழ்ந்தது என்பதற்கும் அவர் விதியை மட்டும் காரணம் காட்டுவதில்லை. நிஷாபூர் இருக்கும் குராசான் மாகாணத்தின் ஆளுநர் சூரீ என்பவர் ஒருமுறை சுல்தானுக்கு ஐந்நூறு சுமை பரிசுப் பொருள் அனுப்பினார். சுல்தானுக்கு ஒரே சந்தோஷம், இவரைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் நமக்கு இருந்தால் எப்படி இருக்கும் என்றார். அருகில் இருந்த கணக்கு அதிகாரி ஆமாம் என்று சொல்லிவிட்டார், இதற்காகக் குடிமக்கள் என்ன பாடுபட்டார்கள் என்று குராசான் மக்களைக் கேளுங்கள் என்று சொல்லத் தனக்குத் தைரியம் வரவில்லை என்று பின்னால் ஒத்துக்கொண்டார். அந்தக் குராசானில்தான் சல்ஜூக் துருக்கியர்கள் உள்ளே வந்தபோது கஜினி அரசைக் காப்பாற்ற மக்களுக்கு மனம் இல்லாமல் போனது. 1040 மே மாதம் மெர்வுக்குப் போகும் பாலைவழியில் தந்தானகான் என்ற இடத்தில் படை நொறுங்கியது. பைஹகீ அந்தப் படையோடு இருந்தார். பசி, தாகம், கோட்டைச் சுவரிலிருந்து மக்கள் குடம் குடமாகத் தண்ணீர் இறக்கிக் கொடுக்கிறார்கள், வெளியே இருந்த கிணறுகள் கெட்டுப் போயிருக்கின்றன, இன்னும் தள்ளி இருக்கும் நீர்நிலைக்குப் போகலாம் என்று சுல்தான் புறப்பட, அந்த அசைவிலேயே ஒழுங்கு கலைந்து, குதிரை கிடைக்காமல் ஒட்டகத்தில் வந்த அரண்மனை வீரர்கள் மற்றவர்களின் குதிரைகளைப் பறித்துக்கொள்கிறார்கள், ஒரு பகுதி எதிரிப் பக்கம் போய்விடுகிறது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மசூத் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார்.

அப்புறம் பைஹகீ என்ன ஆனார்? சில ஆட்சிகள் மாறியபின், அப்துல் ரஷீத் என்ற சுல்தான் காலத்தில் கடிதத் துறைக்கே தலைவரானார், விரைவில் பதவி போய்ச் சிறைக்கும் போனார். அவர் சேர்த்து வைத்திருந்த காகிதங்களை வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள், அவை இருந்திருந்தால் இந்த வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நூலுக்குள் புலம்புகிறார். அறுபது வயதுக்கு மேல், கஜினியில் ஓய்வாக இருந்தபடி, மிஞ்சியதையும் நாட்குறிப்பையும் நினைவையும் வைத்து எழுத ஆரம்பித்தார். 1077-ல் இறந்தார்.

அவருக்கும் குறை உண்டு. ராஜாங்கம் கடவுள் கொடுப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, மசூதின் பிடிவாதத்தைச் சொல்லிவிட்டு உடனே விதி என்று ஒரு வார்த்தை போட்டு மென்மையாக்குவார், சாதாரண மக்கள் கூட்டமாக வருவார்களே தவிரத் தனி முகமாக வருவது அபூர்வம். ஆனால் தகவலை எப்படிச் சோதிப்பது என்பதில் தெளிவானவர். கேட்டதாக இருந்தால் சொன்னவர் நம்பகமானவராக இருக்க வேண்டும், அறிவும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், சாதாரண மக்கள் பேய், பூதம், தேவதைக் கதைகளைத்தான் அதிகம் விரும்புகிறார்கள் என்கிறார். தனக்கு நேரில் தெரியாத குவாரஸம் நாட்டைப் பற்றி எழுதும்போது அக்காலத்துப் பேரறிஞர் அல் பிரூனியின் நூலை எடுத்துக்கொண்டு, யாருடையது என்று சொல்லிவிட்டே பயன்படுத்துகிறார். அந்த நூல் இப்போது கிடைக்கவில்லை, இவர் எடுத்துக் கொடுத்ததால்தான் அதில் ஒரு பகுதி நமக்குத் தெரிகிறது.

மொத்தம் முப்பது பாகங்கள் வரை எழுதினார் என்று அவர் ஊர்க்காரரான பிற்கால ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். அவர் காலத்திலேயே முழுத் தொகுப்பு ஓரிடத்தில் இல்லை, வெவ்வேறு நூலகங்களில் சில பாகங்களைத்தான் பார்த்திருக்கிறார். இன்று நம்மிடம் இருப்பது ஐந்தாம் பாகத்தின் நடுவிலிருந்து பத்தாம் பாகத்தின் ஒரு பகுதி வரை, அதாவது மசூதின் ஆட்சி மட்டும். முகமதின் ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய பாகங்கள் போய்விட்டன, சோம்நாத் படையெடுப்பைப் பைஹகீ எப்படிச் சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மிஞ்சியதை முதலில் அச்சில் கொண்டுவந்தது நம் கல்கத்தா, 1862-ல்.

படிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு யோசனை. நூல் ஒரு கடிதத்தின் நடுவில் தொடங்குகிறது, பெயர்கள் மழையாகக் கொட்டும், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பலர் பத்துப் பக்கத்தில் விட்டுவிடுவார்கள். ஹசனக் பகுதியை முதலில் படியுங்கள், பிறகு படகும் காஜியும், பிறகு அபூ நஸ்ர் இறக்கும் இடம், அங்கே என் பேனாவைக் கொஞ்சம் அவருக்காக அழ வைக்கிறேன் என்று தன் ஆசானைப் பற்றி எழுதுகிறார். இந்த மூன்றையும் படித்ததும் அபூ நஸ்ர், அபூ சஹ்ல், மந்திரி மைமந்தீ, மசூத் ஆகிய நாலு பேர் மனதில் நின்றுவிடுவார்கள், அதன் பிறகு ஆரம்பத்துக்குத் திரும்பினால் அந்தக் கடிதத்தை யார் எழுதினார்கள், எதற்குப் பயந்து எழுதினார்கள் என்பது தானாகப் பிடிபடும்.